செய்தி இல்லாதவரின் வரி

புரசைவாக்கத்தில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே, மாடியில், ரெஜினா ஓர் இலக்கிய முகமை நடத்திவந்தார். எழுத்தாளருக்கும் பதிப்பகத்துக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற தொழில் அது. அவரை நம்பி இருபத்திரண்டு எழுத்தாளர்கள் இருந்தார்கள். நம்பாமல் இருந்தாலும் விட்டுப் போகவில்லை.

தொழில் கற்றுக்கொள்ள ஒருவர் வந்தார். பெயர் திருவேங்கடம். கற்றுக்கொடுப்பவருக்கு நாற்பத்தாறு வயது, கற்றுக்கொள்ள வந்தவருக்கு ஐம்பத்தெட்டு. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விருப்ப ஓய்வு வாங்கியவர். பேரனைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதத்துக்கு என்று டொரண்டோவுக்குப் போன மனைவி, போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"இந்த வேலை எதுக்கு சார் உங்களுக்கு?" என்றார் ரெஜினா.

"புத்தகம்னா எனக்கு உயிர் மேடம்."

"கடைசியா என்ன படிச்சீங்க?"

திருவேங்கடம் யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார்.

"சரி விடுங்க" என்றார் ரெஜினா. "மடல் வேலையிலேருந்து ஆரம்பிங்க."

மடல் என்பது மாதா மாதம் ஒன்றாம் தேதி முகமையிலிருந்து போகிற மின்னஞ்சல். பதிப்பாளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், பத்திரிகைக்காரர்கள், எழுத்தாளர்கள் என்று முந்நூற்றுச் சொச்சம் பேருக்குப் போகும். யாருடைய புத்தகம் வந்திருக்கிறது, யாருடையது மலையாளத்துக்குப் போகிறது, யாருக்கு விருது என்று அதில் இருக்கும். ரெஜினா வைத்திருந்த விதி ஒன்றுதான். இருபத்திரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு வரி. யாரும் விடுபடக் கூடாது.

"செய்தியை எங்கேருந்து எடுக்கணும் மேடம்?"

"கேக்கவே வேண்டாம், அவங்களே அனுப்பிடுவாங்க. அனுப்பாதவங்களுக்குப் போன மாச மடலைப் பாருங்க."

அனுப்பியிருந்தார்கள். ஒருவர் தன் நாவலின் இரண்டாம் பதிப்பைப் பற்றி நாலு பக்கம் அனுப்பியிருந்தார். இன்னொருவர் தனக்கு யாரும் தராத விருது ஒன்றை மறுப்பதாக அறிவிக்கச் சொல்லியிருந்தார். ஓர் அம்மாள், போன மாதம் தன் பெயர் மூன்றாவதாக வந்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார். திருவேங்கடம் இருபத்தொரு பேரையும் இரண்டே நாளில் ஆளுக்கு ஒரு வரிக்குள் அடக்கினார். இன்ஷூரன்ஸ் படிவம் நிரப்பியே முப்பது வருடம் ஓட்டியவர்.

இருபத்திரண்டாவது பெயர் இசக்கிமுத்து. ஊர் புளியங்குடி. அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. போன மாத மடலைப் பார்த்தார். 'புதிய நாவல் ஒன்றில் ஈடுபட்டிருக்கிறார்' என்று இருந்தது. அதற்கு முந்தைய மாதத்தைப் பார்த்தார். அதே வரி. போன வருடம், அதற்கு முந்தைய வருடம், அதற்கும் முந்தைய வருடம். ஒரு புள்ளிகூட மாறவில்லை.

"மேடம், அஞ்சு வருஷமா ஒரே வரி."

"ம்."

"நிஜமாவே எழுதறாரா?"

"கேட்டதில்லை."

"ஏன் மேடம்?"

"கேட்டா சொல்லிடுவாரே."

திருவேங்கடத்துக்கு அது பிடிக்கவில்லை. இல்லாத ஒன்றை இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டவர்களை அவர் தன் வேலையில் நிறையப் பார்த்திருக்கிறார். ஒருத்தரையும் விட்டதில்லை.

மாதக் கடைசியில் ரெஜினா கோழிக்கோட்டுக்குப் பதிப்பாளர்களைப் பார்க்கப் போனார். திருவேங்கடம் புளியங்குடிக்குப் போன் போட்டார்.

"சார், முகமையிலேருந்து பேசறேன். உங்க புது நாவல் எந்த அளவுல இருக்கு?"

அந்தப் பக்கம் யாரோ ஏலம் கூவிக்கொண்டிருந்தார்கள்.

"நாவல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்றார் இசக்கிமுத்து. "வீட்டுக்காரி போனதுக்குப் பெறவு பேனாவத் தொடல."

"அப்ப அந்த வரி?"

"நீங்கதான போடுதிய."

"சார், சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்."

"சரி சார்."

திருவேங்கடம் போனை வைத்தார். வரியை அழித்தார். வரி இல்லாமல் பெயர் மட்டும் தொங்குவது அசிங்கமாக இருந்தது. பெயரையும் அழித்தார். மடல் ஒழுங்காகத் தெரிந்தது. கடைசியில் 'தொகுப்பு: திருவேங்கடம்' என்று போட்டார். யாரும் அப்படிப் போடச் சொல்லவில்லை. அனுப்பும் பட்டியலில் இரண்டு முகவரிகள் புதிதாகச் சேர்த்தார். அதையும் யாரும் சொல்லவில்லை.

ஒன்றாம் தேதி காலையில் மடல் போயிற்று.

நாலாம் தேதி ரெஜினா திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் திருவேங்கடம் ஆரம்பித்தார்.

"மேடம், இதைப் பாருங்களேன். ஏதோ கோளாறு போல இருக்கு."

மடலை யார் திறந்தார்கள், எத்தனை தடவை திறந்தார்கள் என்று காட்டுகிற அட்டவணை ஒன்று கம்ப்யூட்டரில் உண்டு. பெரும்பாலும் பூஜ்யம். சிலர் ஒன்று. விளக்கம் கேட்ட அம்மாள் நாலு. ஒரே ஒரு முகவரிக்கு நேராக இருபத்தேழு என்று இருந்தது.

"யாரோடது?"

"அந்தப் புளியங்குடிக்காரர். அவரைப் பத்தி இதுல ஒரு வார்த்தை கிடையாது மேடம். நான் எடுத்துட்டேன். எழுதலைன்னு அவரே சொல்லிட்டார். தன் பேரே இல்லாத மடலை இருபத்தேழு தடவையா ஒரு மனுஷன் திறந்து பாப்பான்? மனசு கொஞ்சம் சரியில்லையோ என்னவோ."

ரெஜினா நாற்காலியில் உட்கார்ந்தார். அட்டவணையைக் கீழே, கடைசி வரைக்கும் தள்ளினார்.

"இது யாரு, புதுசா?"

"அது... என் வைஃப் மேடம்."

"திறக்கலை போல இருக்கே."

"அவளுக்கு மெயில் பாக்க வராது. மகதான் எடுத்துக் குடுக்கணும்."

"மகளோட முகவரி?"

"அதுக்குக் கீழ இருக்கு."

அதற்கு நேராகவும் பூஜ்யம்.

"இந்த அட்டவணையை நீங்க எத்தனை தடவை திறந்தீங்க சார்?" என்றார் ரெஜினா.

திருவேங்கடம் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் ஒன்றும் இல்லை.

"ஆனா அந்த வரி பொய்தானே மேடம்?" என்றார். "அஞ்சு வருஷமாப் போட்டது."

"பொய்தான்."

"தப்பில்லையா?"

"தப்புதான். உண்மை என்னன்னு நான் போய்ப் பாக்கலை. சோம்பேறித்தனம். பயம்னும் சொல்லலாம். நீங்க திருத்தினீங்க. நல்லது. திருத்தின இடத்துல என்ன இருக்குன்னு காட்டுங்க."

திருவேங்கடம் மடலைத் திறந்து காட்டினார். இருபத்தொன்றாவது பெயருக்குக் கீழே வெள்ளையாக இருந்தது. அதற்குக் கீழே திருவேங்கடத்தின் பெயர்.

அந்த நேரத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. இரண்டே வரி. 'ஐயா, என் முகவரியைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடவும். தப்பாக நினைக்க வேண்டாம். இசக்கிமுத்து.'

ரெஜினா இரண்டு தடவை படித்தார்.

"சண்டை போடுறவங்க போக மாட்டாங்க சார். போறவங்க இப்படித்தான் போவாங்க."

"நான் வேணா மன்னிப்புக் கேட்டு எழுதட்டுமா?"

"எழுதி? அடுத்த மாசம் என்ன போடுவீங்க? பழைய வரியையா?"

"அது முடியாது."

"அப்புறம்?"

"அதைத்தான் நான் கேக்கறேன் மேடம்" என்றார் திருவேங்கடம். "ஒண்ணும் எழுதாதவருக்கு என்ன செய்தி போடுறது?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் ரெஜினா. "போய் எடுத்துட்டு வாங்க."

மறுநாள் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறி, விடிந்ததும் சங்கரன்கோவிலில் இறங்கி, பஸ் பிடித்து, திருவேங்கடம் புளியங்குடிக்குப் போய்ச் சேர்ந்தார். எலுமிச்சைச் சந்தையில் மஞ்சளும் பச்சையுமாகக் காய்கள் குவிந்து கிடந்தன. கண் எரிந்தது. நாலு பேரிடம் கேட்டார். ஐந்தாவது ஆள் ஒரு மண்டியின் மூலையைக் காட்டினான். அங்கே அறுபது வயது தாண்டிய ஒருவர் சாக்கை விரித்து உட்கார்ந்து, அடிபட்ட காய்களைத் தனியாக ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"இசக்கிமுத்து சார்? நான் திருவேங்கடம். போன்ல பேசினேனே."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு சாக்கை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. சட்டை கறைபடும், பாத்து. நீங்கதான் எடுத்தியளா?"

"ஆமா சார்."

"செரிதான். இல்லாததுதான."

"அதுக்கில்லை சார். நீங்க இருபத்தேழு தடவை..."

"அது அங்க தெரியுமா?"

"தெரியும்."

"அடப்பாவியளா" என்றார் இசக்கிமுத்து. கோபமில்லை. காதுமடல் மட்டும் சிவந்துவிட்டது. கையிலிருந்த காயை எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாமல் உருட்டிக்கொண்டிருந்தார்.

"எம் பேரு கடைசியிலதான் வரும்" என்றார். "போன்ல கீழ வரைக்கும் தள்ளிப் பாத்தேன். இல்ல. இங்க நெட்டு ஒழுங்கா கெடைக்காது பாத்துக்கிடுங்க. மிச்சம் எறங்கல போலன்னு நெனச்சேன். மாடியில நின்னு பாத்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்ப் பாத்தேன். நாலாம் நாளுதான், இதுக்கு மேல எறங்க ஒண்ணும் இல்லன்னு வெளங்குச்சு."

திருவேங்கடம் ஒரு காயை எடுத்துப் பார்த்தார். நல்ல காயா, அடிபட்ட காயா என்று அவருக்குத் தெரியவில்லை.

"அத வச்சிருங்க, அது நல்லது" என்றார் இசக்கிமுத்து. பிறகு, "எம் புத்தகத்தப் படிச்சிருக்கியளா?" என்று கேட்டார்.

படித்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அந்தத் தொழிலில் எல்லாரும் சொல்வதுதான். முகமையில் திருவேங்கடத்தின் நாற்காலிக்குப் பின்னாலேயே அலமாரி. அதில் இருபத்திரண்டு பேருடைய புத்தகங்களும் வரிசையாக நின்றன.

"இல்ல சார்."

"வேற ஆளுவோடது?"

"இல்லை."

"ஒண்ணுகூடயா?"

"ஒண்ணுகூட."

"அப்ப எத வச்சு செய்தி போட்டிய?"

"போன மாச மடலை வச்சு."

இசக்கிமுத்து அவரையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். பக்கத்து மண்டிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, இப்பிடிச் சிரிக்கிய?"

"சென்னையிலேருந்து பெரிய புத்தகக் கம்பெனி ஆளு வந்திருக்காரு, கேட்டியா. ஒரு புத்தகமும் படிச்சது கெடையாதாம்."

"நானுந்தான் படிச்சதில்ல. என்னையும் சேத்துக்கிடச் சொல்லுங்க."

திருவேங்கடமும் சிரித்துவிட்டார். அவர் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது. சத்தம் அவருக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

மத்தியானம் இசக்கிமுத்து அவரை வீட்டுக்குக் கூட்டிப்போனார். இரண்டு தெரு தள்ளி, ஓட்டு வீடு. சோறும் ரசமும் காலையிலேயே வைத்திருந்தது. அடுப்பங்கரையில் ஒரே ஒரு தட்டுதான் வெளியே இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து இன்னொரு தட்டை எடுத்து, தூசியைத் துடைத்து, இரண்டு தடவை கழுவினார்.

"நீங்க வீட்டுல எப்பிடி?" என்று கேட்டார், சோற்றைப் போட்டுக்கொண்டே. "சமைக்க ஆளிருக்கா?"

"மெஸ்லேருந்து வருது. ஒருத்தருக்குத்தானே."

"ஒருத்தருக்குத்தான சமைக்கக் கஷ்டம்" என்றார் இசக்கிமுத்து. "அளவு வராது."

அதற்கு மேல் அவர்கள் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. சாப்பிட்டார்கள். வெயில் தாழ உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தடவை இசக்கிமுத்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார். ஒரு தடவை குறைத்து வைத்தார். கிளம்புகிற நேரத்தில் ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்து தன் நாவலில் ஒரு பிரதியை எடுத்துக் கொடுத்தார். பெயர் 'எட்டாம் நம்பர் மண்டி.' தாள் பழுப்பேறியிருந்தது.

"படிக்கணும்னு கட்டாயமில்ல" என்றார். "வெறுங்கையா அனுப்பக் கூடாதுல்லா."

மறுநாள் காலையில் திருவேங்கடம் முகமைக்கு வந்தார். சட்டைக் கையில் எலுமிச்சைக் கறை இருந்தது. கண் சிவந்திருந்தது.

"என்ன செய்தி?" என்றார் ரெஜினா.

"ஒண்ணும் இல்லை மேடம்."

"என்ன பண்ணீங்க அங்க?"

"மண்டியில உக்காந்திருந்தோம். சாப்பிட்டோம். அப்புறம் அவர் வீட்டுல உக்காந்திருந்தோம்."

"என்ன பேசினீங்க?"

"காய் நல்லதா, அடிபட்டதான்னு. அப்புறம் ஒருத்தருக்குச் சமைக்கறதைப் பத்தி."

"எழுதப் போறாரா?"

"கேக்கலை. கேக்கணும்னு தோணலை."

ரெஜினா தலையாட்டினார்.

"கண்ணு ஏன் இப்படி இருக்கு?"

"ரயில்ல படிச்சுட்டு வந்தேன் மேடம். எதிர் பெர்த்துக்காரர் விளக்கை அணைங்கன்னு சத்தம் போட்டார். கதவுகிட்டப் போய் நின்னு படிச்சேன். இன்னும் நாப்பது பக்கம் இருக்கு. எட்டாம் நம்பர் மண்டியில ஒரு பொம்பளை வரா மேடம், சுமை தூக்கறவ. ஒருத்தர் பேச்சுக்கும் பதில் சொல்ல மாட்டா. அவ கடைசியில என்ன ஆகறா?"

"நான் சொல்ல மாட்டேன்" என்றார் ரெஜினா.

கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்தார். அடுத்த மாத மடலைத் திறந்தார். இருபத்தொன்றாவது பெயருக்குக் கீழே இசக்கிமுத்துவின் பெயரை அடித்தார். பக்கத்தில், 'சென்னையிலிருந்து ஒரு வாசகர் புளியங்குடி சென்று இவரைச் சந்தித்தார்' என்று அடித்தார்.

திருவேங்கடம் குனிந்து படித்தார்.

"இது சரியில்லை மேடம்."

"ஏன்?"

"போகும்போது நான் வாசகர் இல்லையே."

ரெஜினா அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்த மாதத்தில் முதல் தடவையாக மதிப்போடு பார்த்தார். வரியை அழித்துவிட்டு நாற்காலியைக் காலி செய்தார்.

"நீங்களே போடுங்க."

திருவேங்கடம் உட்கார்ந்தார். இரண்டு விரலால் மெதுவாக அடித்தார். 'இவருக்கு இந்த மாதம் ஒரு வாசகர் கிடைத்தார்.'

ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடலின் அடிக்குப் போய், 'தொகுப்பு' என்று தொடங்கிய வரியை எடுத்தார்.

"முகவரியை எடுக்கச் சொல்லியிருந்தாரே" என்றார் ரெஜினா. "எடுத்தாச்சா?"

"இல்லை மேடம். அனுப்பலாமான்னு பஸ் ஏறும்போது கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'இன்னும் ஒரு தடவ அனுப்பிப் பாருங்க'ன்னார்."

ஒன்றாம் தேதி காலையில் மடல் போயிற்று. சாயங்காலம் திருவேங்கடம் அட்டவணையைத் திறந்தார். டொரண்டோவில் இரண்டு பூஜ்யம். புளியங்குடிக்கு நேராக ஒன்று.

மறுநாள் பார்த்தார். ஒன்று. நாலாம் நாளும் ஒன்றுதான். அதற்குப் பிறகு அவர் அட்டவணையைத் திறக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, ரெஜினா காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது திருவேங்கடம் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கையில் விளக்கம் கேட்கும் அம்மாளின் நாவல் இருந்தது. நடுவில் விரலை விட்டு அடையாளம் வைத்திருந்தார்.

"மேடம், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"ஒருத்தர் ஒரு தடவைதான் வாசகராக் கிடைக்க முடியும். அது இந்த மாசம் போயாச்சு. அவர் எழுதவும் போறதில்லை. பொய்யும் போட மாட்டேன். அடுத்த மாசம் இசக்கிமுத்து சாருக்கு என்ன செய்தி போடுறது?"

ரெஜினா காப்பியைக் கடைசி வாய் வரைக்கும் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"உங்க வீட்டுல எத்தனை ரூம் சார்?" என்று கேட்டார்.

"மூணு" என்றார் திருவேங்கடம். "ரெண்டு சும்மாத்தான் கிடக்கு."

பிறகு புளியங்குடிக்குப் போன் போட்டார்.